குழிக்கு வந்த சுண்ணாம்பு

மாடு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தள்ளி, வேலி ஓரத்தில், அதற்குக் குழி வெட்டுகிற சத்தம் கேட்கிறது.

மண்வெட்டி இறங்கும்போது ஒரு சத்தம், மண்ணை வாரிப் போடும்போது ஒரு சத்தம். இன்றைக்கும் எங்கேயாவது வீடு கட்டக் கடைக்கால் தோண்டினால் நான் அந்தத் தெருவில் போகமாட்டேன், சுற்றிக்கொண்டுதான் போவேன். என் மருமகள் இதற்காக என்னைக் கேலி செய்கிறாள். செய்யட்டும்.

பங்குனி மாதத்து உச்சிவெயில். தலைக்கு மேலே மாமரம் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. குயில் ஒன்று விடாமல் கூவுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கல் இருந்திருந்தால் அதன்மேல் எறிந்திருப்பேன்.

“வெட்டாதீங்க! அது பாத்துக்கினு இருக்குது!” என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் தேவசகாயம் நிமிரவில்லை. “பாக்கட்டும். அடைப்பான் நோவா இருந்தா செத்த உடனே பொதைச்சாவணும் ரோசம்மா. அப்புறம் வெட்டிக்கினு நிக்க நேரம் இருக்காது.”

“இன்னும் சாவல!”

“சாவலன்னா நல்லது. குழி சும்மா கெடக்கட்டும்.” மறுபடி குனிந்து வெட்டினார். பிறகு தணிந்த குரலில், “அது போச்சுன்னா நான் திங்கக்கெழம ஷாப்புக்குத் திரும்பிடறேன். வேற வழி இல்ல,” என்றார்.



கடைக்குப் போகாத வீடு

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் நாங்கள் குடிசை போட்ட கதையை இந்தத் தொடரில் போன வாரம் சொன்னேன். அதைப் படித்துவிட்டு ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எவ்வளவு சுகமான வாழ்க்கை ஆயா! தோட்டம், மாடு, ஆறு!” என்றாள். சுகம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தச் சுகத்தை உட்கார்ந்து அனுபவிக்க எனக்கு எங்கே நேரம் இருந்தது? நான் பயந்துகொண்டே இருந்தேனே!

ஷாப்பு என்றால் எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் இடம். என் வீட்டுக்காரர் அங்கே சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலைப் புரட்டிப் போடவேண்டும். வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைக்க முடியாது, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம்.

அவரோடு குழியில் நின்றவர் ஒருவருக்குக் கழுத்தில் ஒரு கொப்புளம் வந்தது. வலியே இல்லை என்று சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் கருத்துப் போனது. கழுத்து வீங்கி, ஜுரம் கண்டு, வேலூருக்கு வண்டி கட்டினார்கள். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பவேண்டியதாயிற்று. அடைப்பான் கண்டு செத்த மாட்டின் தோலிலிருந்து அது மனுஷனுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றும்போதெல்லாம் நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுத்தையும் கையையும் பார்ப்பேன். ஒரு கொசுக்கடி இருந்தால் போதும், எனக்குச் சோறு இறங்காது. “நீ பாக்கற பார்வையிலயே எனக்குக் கொப்புளம் வந்துடும்டி,” என்பார். கடைசியில் என் தொல்லை தாங்காமலோ, அவருக்கே பயம் வந்தோ, ஷாப்பை விட்டார். அவருடைய சித்தப்பா விட்டுப்போன துண்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தோம்.

வந்த அன்றே ஒரு கட்டளை போட்டார். “நம்ம மண்ணுல வெளையறத கடையில வாங்கக் கூடாது.” கேழ்வரகு, கத்திரி, மிளகாய், கீரை எல்லாம் எங்கள் மண்ணில். விளக்குக்கு ஆமணக்கெண்ணெய், அதுவும் எங்கள் வேலியிலிருந்து. துணியையும் உப்பையும் மட்டும்தான் மண்ணால் தர முடியவில்லை. உப்பைப் பற்றி ஊரெல்லாம் கூட்டம் போட்டுப் பேச ஆரம்பிப்பதற்கு முந்தைய காலம் அது. ஆனால் எங்கள் வீட்டில் அப்போதே உப்பு பெரிய பேச்சு. கடைக்குப் போகக்கூடாது என்ற ரோஷத்தில் உப்புச் சட்டியை உறியில் கட்டி, கிள்ளிக் கிள்ளிப் போட்டோம். முதலில் கருவாட்டை விட்டோம், அப்புறம் ஊறுகாயை. மாட்டுக்குக் கழுநீரில் போடுகிற ஒரு கை உப்பையும் எப்போது நிறுத்தினோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

லட்சுமி

மாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். செவலைப் பசு. குடியாத்தம் பக்கம் வாங்கியது. வரும்போதே அதற்கு லட்சுமி என்று பெயர்.

எங்கள் சபை உபதேசியார் ஜெபம் செய்ய வந்தவர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். “கிறிஸ்தவங்க வூட்டு மாட்டுக்கு இந்தப் பேரா? ரெபேக்காள்னு கூப்பிடுங்க,” என்றார். நாங்களும் கூப்பிட்டோம். ரெபேக்காள், ரெபேக்காள் என்று தொண்டை வறளக் கத்தினாலும் அது காதைக்கூட ஆட்டாது. லட்சுமி என்று முணுமுணுத்தால் போதும், ஆற்றின் நடுவிலிருந்து ஓடிவரும். உபதேசியார் வருகிற அன்றைக்கு மட்டும் அதைக் கூப்பிடாமல் இருந்தோம்.

அது சினையாக இருந்தது. கன்று போட்டால் பால் வரும். ஆம்பூரில் ஒன்றிரண்டு வீட்டுக்கு ஊற்றலாம். எங்கள் குடித்தனமே அந்த மாட்டின் வயிற்றில்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பயந்தவளின் வசந்தம்

மாசி கடைசியில் பனி விலகி வேனல் எட்டிப் பார்க்கும். பாலாற்றில் தண்ணீர் மேலே ஓடாது, மணலுக்கு அடியில் ஓடும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மணலில் ஊற்று தோண்டுவார்கள். முதல் தண்ணீர் கலங்கலாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளியும். அதை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தால் பல் கூசும். ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல் தொட்டி. எல்லோருடைய மாடும் அதில்தான் குடிக்கும்.

வேப்பமரம் துளிர்த்து வாசலெல்லாம் பூக் கொட்டும். கரையெங்கும் ஆவாரம் மஞ்சளாக நிற்கும். தோலைப் பதனிட அதன் பட்டைக்குத்தான் ஷாப்புக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு அலைவார்கள். காற்று ஊர்ப்பக்கமிருந்து அடித்தால் தோல் நாற்றம், ஆற்றுப் பக்கமிருந்து அடித்தால் வேப்பம்பூ வாசம்.

மற்றவர்களுக்கெல்லாம் இது சந்தோஷம். எனக்கோ மாம்பூவைப் பார்த்தால் மூடுபனி வந்து கருக்கிவிடுமோ என்று கவலை. வேப்பந்துளிரைப் பார்த்தால் அம்மை வருமோ என்று கவலை. ஊற்றில் தண்ணீர் நிறைய வந்தால், இப்போதே இவ்வளவு வந்தால் சித்திரைக்கு மிஞ்சுமா என்று கவலை.

“உனக்குச் சொர்க்கத்துல எடம் குடுத்தாலும் கூரை ஒழுவுமான்னு கேப்ப,” என்பாள் ஹாஜிரா பீ.

ஹாஜிரா பீ பக்கத்துத் தோட்டக்காரி. என் வயதுதான். அவள் புருஷன் ஷாப்புக்குப் பட்டை ஏற்றுகிற வண்டிக்காரர். அவள் ஆடு வளர்த்தாள். வாய் மட்டும் மிளகாய், மனசு வெல்லம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் எங்கள் பேச்செல்லாம்.

சாக்கு

அந்தக் காலையில் நான் தொழுவத்துக்குப் போனபோது லட்சுமி படுத்திருந்தது. எழுப்பினால் கால் பின்னியது. கழிச்சல் வேறு. முந்தின நாள் வைத்த தீனி அப்படியே கிடந்தது. வாயில் நுரை.

தொழுவத்துக்குப் பக்கவாட்டில் காற்றுக்கு மறைப்பாக இவர் ஒரு கோணியைத் தொங்கவிட்டிருந்தார். அந்தக் கோணியில் பாதி இல்லை. மாடு மென்று தின்றிருந்தது. மிச்சம் இருந்ததும் நக்கி நக்கி ஈரமாக இருந்தது.

“இது எங்கேந்து வந்த சாக்கு?” என்றேன்.

அவர் கோணியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். “ஷாப்புல... வெளியில குவிச்சிப் போட்டிருந்தாங்க. சும்மாதான எடுத்துக்கோன்னாங்க.”

எந்த ஷாப்புக்குப் பயந்து ஆற்றங்கரைக்கு ஓடிவந்தோமோ, அது கோணி ரூபத்தில் எங்கள் தொழுவத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது!

எங்கள் சத்தம் கேட்டு மேலத் தோட்டத்துக் கோவிந்தசாமி அண்ணன் வந்தார். இரண்டு ஜோடி உழவு மாடு வைத்திருந்தவர். தூரத்திலேயே நின்று பார்த்தார். கோணியைப் பார்த்தார். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“தேவசகாயம், இது அடைப்பான்தாம்பா. தோலு சுத்துன சாக்குல வந்திருக்குது. உன் மாட்ட தொட்டிக்கிட்ட கொண்டாராதே. என் மாடு நாலும் அந்தத் தண்ணிதான் குடிக்குது.”

“கொண்டார மாட்டேண்ணே.”

“கோச்சிக்காத. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது.” அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர் பயம் எனக்குத் தெரிந்த பயம்.

மாட்டைத் தொழுவத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய் மாமரத்தடியில் கட்டினோம். தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. அதன் பிறகுதான் இவர் மண்வெட்டியை எடுத்தார்.

ஒரு மயிர்

குழி இடுப்பளவு ஆனதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “சுண்ணாம்புக் காளவாய்க்குப் போய்ட்டு வர்றேன். அடியில சுண்ணாம்பு கொட்டித்தான் பொதைக்கணும். நீ அதத் தொடாத. கிட்டவே போவாத.” இதைச் சொன்னவர் போகும்போது ஒரு தடவைகூட மாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அவர் போனதும் வேலிக்கு அந்தாண்டையிலிருந்து ஹாஜிரா பீயின் குரல் கேட்டது. அவள் ஆடுகளையெல்லாம் பட்டியில் அடைத்துவிட்டு வந்திருந்தாள். அவளும் வேலியைத் தாண்டவில்லை.

“அடியே ரோசம்மா! இன்னா சாக்குடி அது? தோல் வந்த சாக்கா, உப்பு வந்த சாக்கா?”

“இன்னா வித்தியாசம்?”

“அரே, ஷாப்புக்கு உப்பும் சாக்குலதான வருது, தோலுக்குத் தடவ! உப்புச் சாக்குன்னா வெறும் உப்பு. தோல் சாக்குன்னா... அல்லா காப்பாத்தணும். மயிர் ஒட்டியிருக்குதா பாரு.”

மிச்சக் கோணியைக் குச்சியால் தூக்கி வெயிலில் பிடித்தேன். நூல் நூலாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று மூச்சு வந்த நேரத்தில் மடிப்பில் ஒரு மயிர் இருந்தது. செவலை நிறம்.

“இருக்குது ஹாஜிரா பீ! செவப்பா ஒண்ணு!”

அவள் வேலிக்கு மேலே எட்டி மாட்டைப் பார்த்தாள். “உன் மாடே செவப்புதானடி. மூஞ்சியத் தேச்சிக்கினு நக்கியிருக்குது. அதோட மயிரா இருந்தா?”

இருந்தால்? இல்லாவிட்டால்? அந்த ஒரு மயிரைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். அது எங்கள் மாட்டுடையது என்றால் நாங்கள் பிழைத்தோம். எங்கேயோ செத்த மாட்டுடையது என்றால் இவர் திங்கட்கிழமை சுண்ணாம்புக் குழியில் இறங்குவார். நான் மறுபடி விளக்கைத் தூக்கிக்கொண்டு அவர் கழுத்தைப் பார்க்க ஆரம்பிப்பேன். கர்த்தரே, நீரே சொல்லும் என்று வாய்விட்டு அழுதேன்.

அழுது தொண்டை வறண்டு, குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தேன். குடித்துக்கொண்டே பார்க்கிறேன், லட்சுமி தலையைத் தூக்கியிருக்கிறது. காலையிலிருந்து எதற்கும் அசையாத மாடு, என் கையிலிருந்த செம்பையே பார்க்கிறது. நாக்கு வெளியே வந்து மூக்கைத் தடவுகிறது.

எனக்குச் சுரீர் என்றது. நோய் வந்ததோ வராததோ, அதற்குத் தாகம்! காலையிலிருந்து இந்த வெயிலில் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் கட்டிவைத்திருக்கிறோம். உப்பைத் தின்ற வாய்!

“கிட்ட போவாதேன்னு சொல்லிட்டுப் போனாரே ஹாஜிரா பீ!”

“அவரு சொன்னாரு. உம் மனசு இன்னா சொல்லுது?”

நான் பயந்தாங்கொள்ளி. அதை இந்தத் தொடரில் பல தடவை எழுதிவிட்டேன். அன்றைக்கும் பயந்துகொண்டேதான் போனேன். முழங்கை வரை கந்தலைச் சுற்றிக்கொண்டு, செம்பில் கொஞ்சமாகத் தண்ணீர் எடுத்து அதன் வாயருகே வைத்தேன். உறிஞ்சியது. குடத்தில் இருந்ததே கொஞ்சம்தான். ஒரேயடியாகக் கொடுத்துத் தீர்க்க மனம் வரவில்லை. ஒரு செம்பு கொடுப்பேன், தள்ளிப் போய் உட்காருவேன், அதன் வயிறு உப்புகிறதா என்று பார்ப்பேன், மறுபடி ஒரு செம்பு. குடம் தீர்ந்ததும் ஹாஜிரா பீ தன் வீட்டுக் குடத்தை வேலிமேல் வைத்தாள்.

“அந்தக் கொடத்தத் திருப்பித் தராத. இனிமே எனக்கு அது வேணாம்,” என்றாள். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் குடத்தைக் கொடுத்தாள், பாருங்கள்.

வெயில் மாமரத்துக்குப் பின்னால் இறங்கிற்று. இவர் கூடை நிறையச் சுண்ணாம்புக் கல்லோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். என்னைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டார். நான் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். மாடும் நின்றிருந்தது. நான்கு காலில், தள்ளாடிக்கொண்டு.

“தொடாதேன்னு சொன்னேனேடி!” என்று கத்தினார். அடுத்த நிமிஷம் குழந்தை மாதிரி அழுதார்.

சீம்பால்

குருத்தோலை ஞாயிறு நெருங்கிய ஒரு காலையில் லட்சுமி கன்று போட்டது. கிடாரி, பெண் கன்று. அதுவரை நாங்கள் மாட்டைத் தொட்டிக்குக் கொண்டுபோகவில்லை. இவர் வேளாவேளைக்கு ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். எனக்கும் தூக்கம் கிடையாது. கன்று சரியாக வருமா, தாய்க்குத் தெம்பு இருக்குமா என்று ஒரே படபடப்பு. கன்று தானாக எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து மடியைத் தேடியபோதுதான் குயில் கூவுவது எனக்குச் சத்தமாக இல்லாமல் பாட்டாகக் கேட்டது.

கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சினேன். வெல்லம் கடையில் வாங்கியதுதான். கட்டளை போட்டவரே போய் வாங்கிவந்தார். பக்கத்து வீடுகளுக்குச் சீம்பால் கொடுக்காமல் நாம் சாப்பிடக்கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றேன். இந்த மாட்டுப் பாலை யார் வாயில் வைப்பார்கள்?

கோவிந்தசாமி அண்ணன் வாங்கிக்கொண்டார், சிரித்தார், ஆனால் சாப்பிடவில்லை. ஹாஜிரா பீ வீட்டார் அதைச் சாப்பிட்டு மறுநாள் நன்றாக நடமாடுகிறார்களா என்று பார்த்த பிறகுதான் அவர் வீட்டில் பாத்திரத்தைத் திறந்தார்களாம். அதற்குள் அது புளித்துவிட்டது. “இன்னொரு தபா குடு தங்கச்சி,” என்று அவரே வெட்கத்தோடு வந்து கேட்டார்.

ஹாஜிரா பீ என் எதிரிலேயே விரலால் வழித்துச் சாப்பிட்டாள். “இனிப்பு கம்மி,” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவள் காலில் விழுந்திருப்பேன்.

சாயங்காலம் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறும் பாத்திரம் கொடுக்கும் பழக்கம் இல்லை, ஏதாவது போட்டுத்தான் தருவார்கள். திறந்தேன். வாய்வரை கல்லுப்பு.

“இவ்வளவு எதுக்கு ஹாஜிரா பீ? எங்க வூட்ல இருக்குது,” என்றேன் ரோஷமாக.

“உனக்கு யாருடி குடுத்தா? இது அவளுக்கு. சாக்கத் தின்னவ பைத்தியமா? உப்பு இல்லாம தவிச்சிருக்குறா. கேக்கறதுக்கு வாய் இல்ல, அதான் தின்னுட்டா. சிக்கனம் பண்றதுன்னா உங்க தட்டுல பண்ணுங்க.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

வெள்ளை

குழி வேலியோரத்தில் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள் இவர் மண்ணைத் தள்ளி மூடினார். சுண்ணாம்பு மட்டும் கூடையில் மிச்சம்.

“இத இன்னா பண்றது? திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டான்,” என்றார்.

ஈஸ்டருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். கொதித்துப் பூத்தது. தென்னை மட்டையை நசுக்கித் தூரிகை மாதிரி ஆக்கி, அவர் மேலே அடித்தார், நான் கீழே அடித்தேன். செம்மண் சுவராகவே இருந்த எங்கள் குடிசை முதல்முறையாக வெள்ளையாக நின்றது. அதன்மேல் வேப்பமர நிழல் ஆடியதை அன்றைக்குத்தான் கவலையில்லாமல் பார்த்தேன்.

உபதேசியார் அந்தப் பக்கமாக வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். “பண்டிகைக்கு வெள்ளையடிச்சிருக்கீங்க! சந்தோஷம். எங்கேந்து வந்துது சுண்ணாம்பு?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “காளவாயிலேர்ந்துதாங்க ஐயா,” என்றார் இவர். பொய் இல்லையே.

உபதேசியார் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். லட்சுமி கயிறு எட்டுகிற மட்டும் வந்து, நாக்கை நீட்டி, புது வெள்ளைச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

வேறு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்று கத்தவில்லை. உள்ளே போய் ஹாஜிரா பீ கொடுத்த உப்பில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து, “லட்சுமி” என்று கூப்பிட்டுக் கையை நீட்டினேன்.